சர்வதேச ஆய்வுகள் பட்டம்: சேர்வதிலிருந்து ஆய்வேடு வரை

இந்தப் படிப்பைப் பற்றி விசாரிக்கிறவர்கள் முதலில் கேட்பது, "இதைப் படித்தால் ஐஎஃப்எஸ் ஆகலாமா?" ஆகலாம், ஆனால் அதற்கு இந்தப் பட்டம் தேவையே இல்லை. வெளியுறவுப் பணிக்கும் யுபிஎஸ்சி நடத்தும் அதே குடிமைப் பணித் தேர்வுதான், எந்தப் பட்டம் இருந்தாலும் எழுதலாம், பொறியியலும் மருத்துவமும் படித்துவிட்டு வந்த தூதரக அதிகாரிகள் நிறைய. விருப்பப் பாடமாக அரசியல் அறிவியலும் சர்வதேச உறவுகளும் எடுத்தால் இரண்டாம் தாளில் இந்தப் படிப்பு நன்றாகவே கைகொடுக்கும், அவ்வளவுதான். அதனால் அந்த ஒரு கனவுக்காக மட்டும் இங்கே வராதீர்கள்.

உலக நடப்பில் ஆர்வம் இருக்கிறது, ஒரு நாடு ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று குடைந்து பார்க்கப் பிடிக்கும் என்றால் வாருங்கள். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசியல், வரலாறு, பொருளாதாரம், சட்டம், மொழி என்று எல்லாவற்றையும் தொடலாம் என்பதுதான் இந்தப் பட்டத்தின் பலம், அதேதான் ஆபத்தும். ஒரு பிராந்தியம், ஒரு மொழி, ஒரு துறையின் கருவி, இந்த மூன்றையும் முதல் வருடத்திலேயே பிடித்துக்கொள்ளாதவர்கள் கடைசி செமஸ்டரில் எதைப் பற்றிக் கேட்டாலும் ஐந்து நிமிடம் பேசுவார்கள், ஒன்றைப் பற்றியும் ஐம்பது பக்கம் எழுத முடியாது. கீழே சொல்லப் போவது முழுக்க இதைத் தவிர்ப்பது எப்படி என்பதுதான்.

பல துறை ஏன் கலந்தது?

முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1919-ல், வேல்ஸின் அபெரிஸ்ட்வித்தில் சர்வதேச அரசியலுக்கென்று ஒரு பேராசிரியர் பதவி உருவானது. இந்தத் துறையின் பிறப்பைப் பெரும்பாலும் அங்கிருந்துதான் கணக்கிடுகிறார்கள். இந்தியாவில் 1955-ல் தில்லி சப்ரு ஹவுஸில் இந்தியன் ஸ்கூல் ஆஃப் இன்டர்நேஷனல் ஸ்டடீஸ் தொடங்கியது. அதன் முதல் இயக்குநர் ஏ. அப்பாதுரை, கி.பி. 1000 முதல் 1500 வரையிலான தென்னிந்தியாவின் பொருளாதார நிலையைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தவர். அதாவது சோழர், விஜயநகரக் காலத்துச் சந்தையையும் வரியையும் படித்தவர்தான் நாட்டின் முதல் வெளியுறவுப் பள்ளியை நடத்தினார். 1970-ல் அது தில்லியின் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு (ஜேஎன்யு) இணைந்து இன்றைய ஸ்கூல் ஆஃப் இன்டர்நேஷனல் ஸ்டடீஸ் (எஸ்ஐஎஸ்) ஆனது. அங்கே கிழக்காசியா, மேற்காசியா, தெற்காசியா, ரஷ்யாவும் மத்திய ஆசியாவும், ஆப்பிரிக்கா, ஐரோப்பா என்று பிராந்தியத்துக்கு ஒரு மையம், சர்வதேசச் சட்டத்துக்குத் தனி மையம், வர்த்தகத்துக்குத் தனி மையம் இருக்கின்றன. ஒரே கட்டடத்தில் ஆயுதக் கட்டுப்பாடு பேசுகிறவரும் ஏற்றுமதிக் கணக்குப் போடுகிறவரும் டீ குடிக்கும் இடம் அது.

எங்கே சேர்வது

பட்டத்தின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இன்டர்நேஷனல் ஸ்டடீஸ், இன்டர்நேஷனல் ரிலேஷன்ஸ், குளோபல் அஃபேர்ஸ் என்று பெயர்கள் மாறும், பாடத்திட்டம் ஒன்றாகவே இருக்கும், சில சமயம் நேர்மாறாகவும் இருக்கும். சிலபஸைப் பிடிஎஃப்பாக இறக்கி மூன்று விஷயம் பாருங்கள்: பொருளாதாரத் தாள் ஒன்றாவது கட்டாயமாக இருக்கிறதா, ஒரு வெளிநாட்டு மொழி படிக்க வாய்ப்பு இருக்கிறதா, கடைசியில் ஆய்வேடு எழுத வேண்டுமா. மூன்றும் இல்லையென்றால் அது அரசியல் அறிவியல் எம்.ஏ.தான், அட்டையை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

இந்தியாவில் ஜேஎன்யு தவிர, கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் பழைய, மதிப்புள்ள துறை இருக்கிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் அரசியல் மற்றும் சர்வதேச உறவுகள் எம்.ஏ. இருக்கிறது, தெற்காசிய ஆய்வுக்குத் தனி மையமும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு மற்றும் போர்த்திற ஆய்வுத் துறையும் தெற்கு, தென்கிழக்காசிய ஆய்வு மையமும் உண்டு. சார்க் நாடுகள் சேர்ந்து 2010-ல் தில்லியில் தொடங்கிய தெற்காசியப் பல்கலைக்கழகத்தை நம்மவர்கள் அதிகம் கவனிப்பதில்லை. நேபாளி, வங்கதேசத்தவர், இலங்கையர் எல்லாம் ஒரே வகுப்பில் உட்காருவதால், நதிநீரைப் பற்றி விவாதம் வந்தால் எதிர்த் தரப்பு உங்கள் பக்கத்து பெஞ்சிலேயே இருக்கும். அதைப் புத்தகம் தராது.

வெளிநாட்டில் இளங்கலையே படிக்க வசதி இருக்கிறவர்கள் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகம் ஹேக் நகரில் நடத்தும் இன்டர்நேஷனல் ஸ்டடீஸ் பி.ஏ.வின் பாடத்திட்டத்தைப் பாருங்கள். சேராவிட்டாலும் பாருங்கள். மூன்று வருடம், ஆங்கிலத்தில், அரசியல், பொருளாதாரம், வரலாறு, பண்பாடு என்று நான்கு கோணம், கூடவே ஒவ்வொருவரும் ஒரு பிராந்தியத்தையும் அதன் ஒரு மொழியையும் எடுத்தே ஆக வேண்டும். நம் கல்லூரி இந்தக் கட்டாயத்தை விதிக்காவிட்டால் நாமே விதித்துக்கொள்ளலாம், யாரும் தடுக்கப் போவதில்லை.

நுழைவுத் தேர்வு

ஜேஎன்யு உட்படப் பல மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இப்போது என்டிஏ (தேசியத் தேர்வு முகமை) நடத்தும் சியுஇடி-பிஜி என்ற முதுகலைப் பொது நுழைவுத் தேர்வுதான். அண்மை ஆண்டுகளில் 75 கேள்வி, சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 குறையும். தெற்காசியப் பல்கலைக்கழகத்துக்குத் தனித் தேர்வு. எந்த வருடம் எந்தத் தாள் எழுத வேண்டும் என்பதை அந்த வருட அறிவிக்கையில் மட்டும் பாருங்கள், யூடியூபில் பார்க்காதீர்கள்.

தயாரிப்புக்கு என்சிஇஆர்டி பன்னிரண்டாம் வகுப்பு அரசியல் அறிவியல் புத்தகங்கள் அடித்தளம். தமிழ் வழியில் படித்தவர்கள் முதலில் தமிழ்நாட்டுப் பாடநூலின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு அரசியல் அறிவியலைத் தமிழில் படித்துப் புரிந்துகொண்டு, அப்புறம் ஆங்கிலத்துக்குப் போவது நல்லது. தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும், ஆனால் புரிதல் தமிழில் உட்கார்ந்துவிட்டால் ஆங்கிலச் சொற்களைப் பிடிக்க இரண்டு மாதம் போதும். கூடவே வரைபடம். ஹோர்முஸ், பாப் அல் மண்டப், மலாக்கா, சூயஸ் இந்த நான்கு குறுகிய கடல்வழிகளையும் வெற்றுத்தாளில் பென்சிலால் குறிக்க முடியாதவர் எரிசக்தி அரசியல் பற்றி எழுதுவதெல்லாம் காற்றில் எழுதுவதுதான்.

முதல் செமஸ்டர்: கோட்பாட்டில் மூழ்காமல் இருக்க

சேர்ந்ததும் கோட்பாட்டுத் தாள் வரும். யதார்த்தவாதம் (ரியலிசம்), தாராளவாதம், கட்டுமானவாதம் (கன்ஸ்ட்ரக்டிவிசம்), அப்புறம் மார்க்சியம், பெண்ணியம், பின்காலனியம். வாரத்துக்கு இருநூறு பக்கம் வாசிக்கச் சொல்வார்கள். எல்லாவற்றையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்க முயல்கிறவர்கள் மூன்றாவது வாரத்தில் படுத்துவிடுவார்கள். ஒரு கட்டுரையின் முன்னுரை, முடிவுரை இரண்டையும் முதலில் படித்து, இவர் யாரோடு சண்டை போடுகிறார் என்று கண்டுபிடியுங்கள். ஒவ்வொரு கல்விக் கட்டுரைக்கும் ஒரு எதிரி உண்டு. எதிரி தெரிந்த பிறகு நடுப்பகுதியில் ஆதாரம் எங்கே இருக்கிறது என்று மட்டும் தேடுங்கள். பிறகு அரைப் பக்கத்தில் குறிப்பு: வாதம் என்ன, ஆதாரம் என்ன, எங்கே இடிக்கிறது. இந்தக் குறிப்புகளைத் தமிழில் எழுதினாலும் பரவாயில்லை, சொல்லப் போனால் தமிழில் எழுதினால்தான் புரியாததைப் புரிந்த மாதிரி எழுதி ஒப்பேற்ற முடியாது.

கோட்பாட்டில் ஒரு கட்சியில் சேர்ந்துகொள்ள வேண்டாம். முதல் செமஸ்டரிலேயே "நான் ஒரு ரியலிஸ்ட்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் எல்லா பேட்ச்சிலும் இருப்பார்கள், விட்டுவிடுங்கள்.

ஒரே பிரச்சினையை எல்லாத் துறையிலும் இழுத்துப் பாருங்கள்

பல துறைப் படிப்பு என்றால் ஐந்து தாளை ஐந்து பெட்டியில் போட்டு வைப்பது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஒரு பிரச்சினையைத் தேர்ந்தெடுத்து, எந்தத் தாள் வந்தாலும் அதை அந்தப் பிரச்சினையோடு மோதவிடுவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே நல்ல பயிற்சி. நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் பாக் நீரிணை மீனவர் பிரச்சினையை எடுத்துக்கொள்வோம்.

சட்டத்தில் தொடங்கலாம். கச்சத்தீவு வெறும் 285 ஏக்கர். 1974 ஒப்பந்தம் எல்லைக்கோட்டை வரைந்ததில் தீவு இலங்கைப் பக்கம் போனது. அதன் ஐந்தாவது பிரிவு இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் விசா இல்லாமல் முன்போலவே தீவுக்கு வரலாம் என்கிறது. 1976-ல் மன்னார் வளைகுடாவிலும் வங்கக் கடலிலும் எல்லை வகுக்கப்பட்டது, அதையொட்டிப் பரிமாறிக்கொண்ட கடிதங்கள் ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்கின்றன. தொலைக்காட்சி விவாதங்களில் ஒருவர் 1974-ஐ மட்டும் தூக்கிப் பிடிப்பார், எதிரில் இருப்பவர் 1976-ஐ மட்டும், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தவர் அங்கே இருக்க மாட்டார். நீங்கள் படியுங்கள், இரண்டும் சேர்ந்து சில பக்கங்கள்தான். அப்புறம் அரசியலமைப்புச் சட்டம்: மேற்கு வங்க எல்லையில் உள்ள பெருபாரியைப் பாகிஸ்தானோடு பங்கிடும் விவகாரத்தில் 1960-ல் உச்ச நீதிமன்றம், இந்திய நிலப்பகுதியை வேறு நாட்டுக்குக் கொடுக்க அரசியலமைப்புத் திருத்தம் வேண்டும் என்றது. கச்சத்தீவு இந்திய நிலமாக இருந்து கொடுக்கப்பட்டதா, அல்லது உரிமை தீராமல் இருந்த இடத்தில் எல்லை தீர்மானிக்கப்பட்டதா என்பதில்தான் வழக்கே நிற்கிறது. ஜெயலலிதா 2008-ல் உச்ச நீதிமன்றம் போனது இந்தக் கேள்வியோடுதான்.

இங்கேயே வரலாறு நுழைந்துவிடுகிறது, ஏனென்றால் அந்த உரிமைக்கு ஆதாரம் ராமநாதபுரம் சேதுபதிகளின் ஜமீன் ஆவணங்கள். அவற்றை எப்படி எடைபோடுவது, குத்தகை கொடுத்ததும் இறையாண்மையும் ஒன்றா என்பதைச் சட்ட மாணவர் வரலாற்று மாணவரிடம்தான் கேட்க வேண்டும்.

சரி, பொருளாதாரம். தீவு நாளைக்கே நம் கைக்கு வந்தாலும் மீன் அங்கே இல்லை. விசைப்படகுகள் போவது தீவைத் தாண்டி, இலங்கையின் வடக்குக் கரை வரை. இறால் ஏற்றுமதிச் சந்தையும் அரசு ஊக்கமும் சேர்ந்து ஒரு சின்னக் கடலில் அது தாங்க முடியாத அளவுக்கு இழுவைமடிப் படகுகளை (கடலடியை வாரிக்கொண்டு போகும் வலையை இழுப்பவை) கொண்டுவந்துவிட்டன. படகு ஒருவருடையது, கடலில் பிடிபட்டுச் சிறைக்குப் போகிறவர் பங்குக்கு வேலை செய்பவர். எதிர்க்கரையில் போர்க் காலத்தில் கடலுக்குப் போகவே தடைகளோடு வாழ்ந்து, 2009-க்குப் பிறகு சின்னக் கண்ணாடியிழைப் படகுகளோடு திரும்பி வந்தவர்களும் தமிழர்கள். அவர்கள் விரித்த வலையைத்தான் நம் மடி அறுக்கிறது. 2017-ல் இலங்கை இழுவைமடியையே சட்டம் போட்டுத் தடை செய்தது. அதே வருடம் இந்தியா பாக் நீரிணை விசைப்படகுகளுக்குப் பதிலாக ஆழ்கடல் சூரைப் படகு வாங்க 70 சதவீத மானியம் அறிவித்தது. மீதி 30 சதவீதத்தை யார் போடுவது, ஆழ்கடல் அனுபவம் இல்லாதவர்கள் எப்படி மாறுவது என்று கேட்கத் தொடங்கினால் அது வளர்ச்சிப் பொருளாதாரம். கடலடி எவ்வளவு சிதைந்திருக்கிறது என்று கேட்டால் சூழலியல்.

இப்போது "இந்தியா எதிர் இலங்கை" என்ற சட்டகத்தைத் திரும்பிப் பாருங்கள், அதில் பாதிதான் ஒட்டும். மீதிப் பாதியைப் பார்க்கத்தான் பல துறை. இதே மாதிரி உங்களுக்குப் பிடித்த ஒன்றை எடுங்கள், மேகாங் நதி அணைகள், நைல் நதியில் எத்தியோப்பியாவின் பெரிய அணை, தென்சீனக் கடல், எதுவாக இருந்தாலும் சரி. எடுத்ததை இரண்டு வருடம் விடாதீர்கள், ஒவ்வொரு டெர்ம் பேப்பரையும் அதைச் சுற்றியே எழுதுங்கள்.

பொருளாதாரத்தைக் கண்டு ஓடாதீர்கள்

கலைப் பிரிவிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் கழன்றுகொள்கிறார்கள். குறைந்தபட்சம் மூன்று விஷயம் தெரிந்தே ஆக வேண்டும்: செலுத்து நிலைக் கணக்கு (ஒரு நாட்டுக்குள் வரும், வெளியே போகும் பணத்தின் கணக்கு), அந்நியச் செலாவணி விகிதம், ஒரு நாட்டின் கடன் யாரிடமெல்லாம் இருக்கிறது என்ற பட்டியலைப் படிப்பது.

ஏன் என்பதற்கு இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம் உதாரணம். "சீனக் கடனைக் கட்ட முடியவில்லை, துறைமுகத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள்" என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. 2017-ல் நடந்தது 99 வருடக் குத்தகை. சீன நிறுவனம் கொடுத்த சுமார் 112 கோடி டாலர் இலங்கையின் செலாவணிக் கையிருப்புக்குப் போனது, துறைமுகத்துக்கு வாங்கிய கடன் ரத்தாகவில்லை, அது அப்படியே தொடர்ந்தது. அப்போது இலங்கையை நெருக்கியதில் பெரும் பங்கு சர்வதேசச் சந்தையில் விற்ற கடன் பத்திரங்களுக்கு உண்டு. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்துவதாக இலங்கை அறிவித்தபோதும் அதே பத்திரங்கள் முன்னால் நின்றன. சீனா நல்ல பிள்ளை என்று இதற்கு அர்த்தம் இல்லை. குத்தகை ஒப்பந்தத்தில் கேள்வி கேட்க நிறைய இருக்கிறது, ஆனால் சரியான கேள்வியைக் கேட்கவே செலுத்து நிலைக் கணக்கு தெரிய வேண்டும். 2023 மார்ச்சில் ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) இலங்கைக்கு ஒப்புக்கொண்ட கடன் திட்டத்தின் ஆவணம் இணையத்தில் இலவசம், முழுதாக ஒருமுறை படியுங்கள். ஒரு செமஸ்டர் வகுப்புக்குச் சமம்.

எக்செல் நன்றாகத் தெரிந்திருக்கட்டும். முடிந்தால் ஆர் அல்லது பைத்தான் நிரல்மொழியில் கொஞ்சம். ஐநாவின் காம்ட்ரேட் தளத்தில் எந்த நாடு யாருக்கு என்ன விற்றது என்ற கணக்கு கிடைக்கும், அதில் விளையாடிப் பழகுங்கள்.

மொழி

பிராந்தியத்தை முடிவு செய்துவிட்டு மொழியை எடுங்கள், தலைகீழாக வேண்டாம். பிரெஞ்சு எளிதாகக் கிடைக்கிறது என்று சேர்ந்துவிட்டு ஆய்வை ஜப்பானில் வைத்தால் அந்த உழைப்பு வீண். மேற்கு ஆப்பிரிக்கா என்றால் பிரெஞ்சு தங்கம். சென்னையில் இருப்பவர்களுக்கு நுங்கம்பாக்கத்தில் பிரெஞ்சுக்கு அலையன்ஸ் பிரான்சேஸும் ஜெர்மனுக்கு மாக்ஸ் முல்லர் பவனும் இருக்கின்றன. ஜப்பானிய மொழிக்கு ஜேஎல்பிடி தேர்வு ஐந்து நிலைகளில் நடக்கிறது, என்5 அடி, என்1 உச்சி, ஆய்வுக்கு உருப்படியாகப் பயன்பட என்2 தேவை. இரண்டு வருட எம்.ஏ.வுக்குள் சீனத்திலோ அரபியிலோ செய்தித்தாள் சரளமாகப் படிக்கும் நிலைக்கு வருவது கடினம், அதனால் சேர்வதற்கு முந்தைய வருடமே தொடங்குவது புத்திசாலித்தனம்.

இலங்கையைப் பற்றி ஆராயத் தமிழ் இருந்தால் போதும் என்று நம்மூரில் ஒரு நினைப்பு உண்டு. யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பத்திரிகைகளை நேரடியாகப் படிக்க முடிவது பெரிய சலுகைதான், தில்லியில் பலருக்கு அது கிடையாது. ஆனால் கொழும்பில் முடிவெடுக்கிறவர்கள் தங்களுக்குள் சிங்களத்தில் பேசிக்கொள்கிறார்கள். சிங்களம் படிக்கத் தெரிந்த தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் மிகக் குறைவு, அந்த இடம் காலியாகவே கிடக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள்.

மூல ஆவணங்கள்

நாளிதழ்க் கட்டுரைகளை மட்டும் வைத்து டெர்ம் பேப்பர் எழுதினால் பாஸ் ஆகலாம், வளர முடியாது. மக்களவை, மாநிலங்களவைத் தளங்களில் கேள்வி-பதில்கள் தேடக் கிடைக்கின்றன, கைதான மீனவர் எண்ணிக்கை முதல் தூதரகச் செலவு வரை அமைச்சர் எழுத்தில் கொடுத்த பதில் அங்கே இருக்கும். ஒப்பந்தங்களுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் தரவுத்தளமும் ஐநாவின் ஒப்பந்தத் தொகுப்பும். பழைய கோப்புகளுக்கு தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளம், சென்னையில் எழும்பூர் ஆவணக் காப்பகம். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் பழைய தந்திகளைத் தொகுத்து இணையத்தில் போட்டிருக்கிறது, 1971 போர் பற்றி எழுதுகிறவர்கள் அங்கிருந்து தொடங்கலாம். கிடைக்காததற்கு ஆர்டிஐ (தகவல் உரிமை) மனு போடுங்கள், வெளியுறவு விஷயம் என்று மறுப்பார்கள், மறுத்த கடிதத்தையும் பத்திரமாக வையுங்கள், ஆய்வேட்டில் அதுவும் ஓர் ஆதாரம்.

ஆய்வேடு

"இந்திய–சீன உறவுகள்: ஒரு பார்வை" என்று தலைப்பு கொண்டு போனால் நல்ல வழிகாட்டி திருப்பி அனுப்புவார். காலம், இடம், ஆவணம் மூன்றையும் சுருக்குங்கள். "2010 முதல் 2020 வரை பாக் நீரிணை மீனவர் பற்றி நாடாளுமன்றத்தில் கேட்கப்பட்ட கேள்விகள் எந்தக் கட்சியிடமிருந்து, எந்த மாதங்களில் வந்தன, அரசின் பதில் எப்படி மாறியது?" இது சின்னதாகத் தெரியும், ஆனால் செய்து முடிக்க முடியும், முடித்தால் இதுவரை யாரும் சொல்லாத ஏதாவது ஒன்று கையில் இருக்கும். ஒரு வரியில் கேள்வியாக எழுத முடியாத தலைப்பு இன்னும் தலைப்பாகவில்லை. மேற்கோள்களை முதல் நாளிலிருந்தே ஸோட்டரோவில் சேருங்கள், இலவச மென்பொருள்தான், கடைசி இரவில் அடிக்குறிப்பு போட்டுக்கொண்டு உட்கார வேண்டாம். ஏஐ கொடுக்கும் மேற்கோள்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்காமல் சேர்க்காதீர்கள், இல்லாத கட்டுரையை இருப்பதுபோல் அது சொல்லும்.

அப்புறம் வேலை

கேம்பஸில் வரிசையாக வந்து ஆள் எடுக்கிற படிப்பு இது கிடையாது. கல்லூரி ஆசிரியராக வேண்டுமானால் யுஜிசி நெட் என்ற தகுதித் தேர்வு. அதில் அரசியல் அறிவியலுக்கும் சர்வதேச மற்றும் பிராந்திய ஆய்வுகளுக்கும் தனித்தனித் தாள் உண்டு, பிந்தையதன் குறியீடு 90. ஆனால் பல கல்லூரிகள் அரசியல் அறிவியல் என்றே ஆள் கேட்பதால், இரண்டிலும் நெட் வைத்திருப்பது பிழைக்கும் வழி. ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் பிஎச்.டி. காலத்துக்குப் பணக் கவலை குறையும். சிந்தனைக் குழாம்களில் (கொள்கை ஆய்வு நடத்தும் திங்க் டாங்குகளில்) ஆரம்பச் சம்பளம் குறைவு, தில்லி வாடகைக்கு முன்னால் அது இன்னும் குறைவாகத் தெரியும். கப்பல், காப்பீடு, எரிசக்தி நிறுவனங்களில் ஒரு நாட்டில் தொழில் செய்வதில் உள்ள அபாயத்தைக் கணிக்கும் வேலைகளில்தான் பணம் இருக்கிறது, அங்கே உங்கள் கோட்பாட்டுத் தாளை யாரும் கேட்க மாட்டார்கள், மொழியையும் எக்செல்லையும் கேட்பார்கள். ஐநாவின் இளம் தொழில்முறையாளர் தேர்வுக்கு இளங்கலைப் பட்டமும் 32 வயதுக்கு மேல் போகாமலும் இருக்க வேண்டும், உங்கள் நாடு அந்த வருடப் பட்டியலில் இருக்க வேண்டும். பட்டியல் வருடா வருடம் மாறும் என்பதால் இரண்டாம் ஆண்டிலிருந்தே அந்தப் பக்கத்தை அவ்வப்போது பார்த்து வாருங்கள்.